பழைய லேப்டாப் கொதிக்கிறதா? பேஸ்ட் டியூபைக் கொஞ்சம் கீழே வையுங்கள்

"லேப்டாப் ரொம்ப சூடாகுது" என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், சுற்றியிருக்கும் நாலு பேரில் மூன்று பேர் ஒரே மருந்தைத்தான் சொல்வார்கள்: "தெர்மல் பேஸ்ட் மாத்து." யூடியூபிலும் அதுதான், சர்வீஸ் கடையிலும் அதுதான். பிராசஸருக்கும், அதன் சூட்டை வாங்கி வெளியேற்றும் ஹீட்சிங்க் என்ற உலோக அமைப்புக்கும் நடுவில் பூசும் அந்தப் பேஸ்ட் காய்ந்துபோகும், மாற்றினால் பலன் உண்டு, அதையெல்லாம் மறுக்கவில்லை. ஆனால் எட்டு, பத்து வருடம் உழைத்த மெஷினில் முதல் குற்றவாளி பெரும்பாலும் அது இல்லை, உள்ளே அடைத்த தூசிதான் என்பது என் கட்சி. பேஸ்ட் மாற்ற வேண்டுமென்றால் ஹீட்சிங்கைக் கழற்ற வேண்டும். கழற்றிய கையோடு ஃபேனில் இருக்கும் தூசியையும் தட்டிவிடுகிறோம். மறுநாள் லேப்டாப் குளுகுளுவென்று ஓடுகிறது, பெயர் முழுக்கப் பேஸ்டுக்குப் போய்விடுகிறது. இதன் மறுபக்கம் இன்னும் மோசம்: விலை உயர்ந்த பேஸ்டாக வாங்கிப் போட்டுவிட்டு, ஃபேன் மூடியைத் திறக்காமலேயே பூட்டிவிடுவார்கள். சூடு அப்படியே இருக்கும். "பிராசஸரே போயிடுச்சு, புதுசு வாங்கிக்கோங்க" என்று தீர்ப்பு வந்துவிடும்.

இங்கே பழைய லேப்டாப் என்று சொல்வது 2012 முதல் 2018 வரை வந்தவற்றை. கம்பெனிகள் கழித்துவிட்டு செகண்ட் ஹேண்டில் சந்தைக்கு வரும் டெல் லாட்டிட்யூட், லெனோவோ திங்க்பேட், ஹெச்பி எலைட்புக் வகையறா ஒரு பக்கம். வீட்டில் பிள்ளைகள் படிப்புக்கென்று வாங்கிய ஐ3, ஐ5 மெஷின்கள் இன்னொரு பக்கம். முதல் வகையில் இருக்கும் ஐ5-3320எம் போன்ற பிராசஸர் 35 வாட் கணக்கு, அதாவது தொடர்ந்து வேலை செய்யும்போது அவ்வளவு சூட்டை வெளியேற்ற வேண்டும். 2017-இல் வந்த ஐ5-8250யூ 15 வாட் கணக்கு. 35 வாட் மெஷின்களுக்குக் கம்பெனிக்காரர்கள் தடித்த ஹீட்பைப்பும் (சூட்டைத் தகடுகளுக்குக் கடத்தும் செம்புக் குழாய்) பெரிய ஃபேனும் கொடுத்திருப்பார்கள், அவை ஒழுங்காக இருந்தால் இன்றைக்கும் தாங்கும். 15 வாட் மெஷின்கள் மெல்லியவை. வேலை கூடும்போது தானாக எட்டும் டர்போ வேகத்துக்குப் போகும்போது கொஞ்ச நேரத்துக்கு 15-ஐத் தாண்டியே மின்சாரம் இழுக்கும். அதனால் தொடக்கத்தில் சூடு சட்டென்று ஏறுவது அவற்றுக்குக் கொஞ்சம் இயல்புதான்.

திறப்பதற்கு முன்: சூடு எவ்வளவு வேகமாக ஏறுகிறது?

விண்டோஸின் டாஸ்க் மேனேஜர் பிராசஸர் வெப்பநிலையைக் காட்டாது. ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளை இறக்கி, சென்சார் மட்டும் என்பதைத் தேர்ந்தெடுத்து ஓடவிடுங்கள். லினக்ஸ் என்றால் எல்எம்-சென்சார்ஸ் போதும். அறையின் வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அறை ஒரு டிகிரி ஏறினால் பிராசஸரும் ஏறக்குறைய ஒரு டிகிரி ஏறும். மே மாத மதியம் 38 டிகிரியில் எடுத்த அளவையும், சுத்தம் செய்த பிறகு இரவில் ஏசி ரூமில் எடுத்த அளவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து "பத்து டிகிரி குறைஞ்சிடுச்சு" என்றால் அந்தப் பத்தும் ஏசி குறைத்ததாகவே இருக்கலாம்.

லேப்டாப்பை ஆன் செய்து பத்து நிமிடம் சும்மா விடுங்கள். நம் ஊர் வெயிலுக்கு 45 முதல் 55 வரை இருந்தால் கவலை இல்லை. 75, 80 என்று நின்றால் உடனே ஸ்க்ரூடிரைவரை எடுக்காமல், பிராசஸர் எவ்வளவு வேலை செய்கிறது என்று பாருங்கள். சும்மா இருக்கும்போதே 60 சதவீதம் ஓடிக்கொண்டிருந்தால் கோளாறு குளிரூட்டலில் இல்லை. விண்டோஸ் அப்டேட், ஆன்ட்டிவைரஸ் ஸ்கேன், மூடாமல் விட்ட பிரவுசர் டேப் என்று ஏதோ ஒன்று பின்னால் அரைத்துக்கொண்டிருக்கிறது. 5 சதவீத வேலைக்கே 80 டிகிரி என்றால்தான் விஷயம் இருக்கிறது.

அடுத்து சுமை கொடுங்கள். இதற்கென்று பெரிய மென்பொருள் வேண்டாம், 7-ஜிப்பின் டூல்ஸ் மெனுவிலேயே பெஞ்ச்மார்க் இருக்கிறது. அதை ஓடவிட்டு முதல் பத்து விநாடியை உற்றுப் பாருங்கள். 50-இலிருந்து 95-க்கு இரண்டு மூன்று விநாடியில் தாவினால், பிராசஸரில் பிறக்கும் சூடு ஹீட்சிங்குக்கே போய்ச் சேரவில்லை என்று பொருள். அது பேஸ்ட் பிரச்சினை, அல்லது ஹீட்சிங்க் சரியாக உட்காரவில்லை. பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் கோர்களில் ஒரு கோருக்கும் பக்கத்துக் கோருக்கும் 12, 15 டிகிரி வித்தியாசம் இருந்தாலும் அதே சந்தேகம்தான். மாறாக 70, 75, 80 என்று ஐந்து, பத்து நிமிடம் எடுத்து மெதுவாக ஏறி, ஃபேன் அலறு அலறென்று அலறியும் 95-ஐத் தொட்டால், சூடு ஹீட்சிங்குக்கு வந்துவிட்டது, வெளியேறத்தான் வழியில்லை. அது காற்றுப் பிரச்சினை. கையைக் காற்று வெளியேறும் ஜன்னலுக்கு எதிரே வைத்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். காற்று பலமாக வந்தும் சூடில்லாமல் வந்தால் பேஸ்ட் பக்கம் போங்கள். காற்று மூச்சு மாதிரி மெலிதாக, ஆனால் சுடச்சுட வந்தால் தூசி. காற்றே இல்லை, சத்தமும் இல்லை என்றால் ஃபேன் நின்றுவிட்டது.

95 டிகிரியைப் பார்த்து மெஷின் எரிந்துவிடும் என்று பதற வேண்டாம். ஐ5-3320எம்மின் எல்லை 105 டிகிரி, 8250யூவின் எல்லை 100. எல்லையைத் தொட்டதும் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். "லேப்டாப் ஸ்லோ ஆயிடுச்சு" என்ற புகாரில் பாதி இதுதான். வேகத்தைக் குறைத்தும் சூடு ஏறினால்தான் படக்கென்று ஆஃப் ஆகும். ஆகவே 70 டிகிரியில் ஆஃப் ஆகிற லேப்டாப்பில் சூட்டைக் குற்றம் சொல்லாதீர்கள். பேட்டரியையோ அடாப்டரையோ பாருங்கள்.

ஃபேனுக்கும் தகடுக்கும் நடுவில்

லேப்டாப் ஃபேன் அடியிலிருந்து காற்றை உறிஞ்சி, பக்கவாட்டில் வரிசையாக நிற்கும் செம்பு அல்லது அலுமினியத் தகடுகளின் ஊடே வெளியே தள்ளுகிறது. தகடுகளுக்கு இடையே இருக்கும் சந்து ஒரு மில்லிமீட்டர் அளவுதான். காற்றோடு வருவது வெறும் மண் தூசி என்றால் பாதி அந்தச் சந்தில் புகுந்து வெளியே போய்விடும். வருவதோ தலைமுடி, படுக்கை விரிப்பின் நூல், போர்வைப் பிசிறு, வீட்டில் பூனை இருந்தால் அதன் ரோமம். ஒரு முடி இரண்டு தகடுகளுக்குக் குறுக்கே விழுந்து நிற்கிறது. அதில் அடுத்த பிசிறு மாட்டுகிறது, அதற்கப்புறம் மண்ணும் ஒட்டுகிறது. வருடக்கணக்கில் காற்று அதை அழுத்தி அழுத்தி, தகடுகளின் உள்பக்கம் முழுவதும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனத்தில் ஒரு சாம்பல் நிறக் கம்பளி போர்த்தியது போல ஆகிவிடுகிறது. ஃபேன் முழு வேகத்தில் சுற்றினாலும் காற்று அதைத் தாண்டாது.

வெளியிலிருந்து பார்த்தால் இது தெரியவே தெரியாது, ஏமாறுவதே இங்கேதான். காற்று வெளியேறும் ஜன்னலில் டார்ச் அடித்துப் பார்த்தால் தகடுகள் பளபளவென்று இருக்கும், ஏனென்றால் அடைப்பு அவற்றுக்குப் பின்னால் இருக்கிறது. "தூசியெல்லாம் இல்லை சார், க்ளீனா இருக்கு" என்று நல்ல மெக்கானிக்கே சொல்லிவிடுவார். லேப்டாப்பை ஆஃப் செய்து இருட்டான இடத்துக்குக் கொண்டுபோங்கள். டார்ச்சை அந்த ஜன்னலோடு ஒட்டிப் பிடித்து, அடியில் காற்று உறிஞ்சும் துளைகள் வழியாக உள்ளே பாருங்கள். ஃபேன் இறகுகளின் இடுக்கில் வெளிச்சக் கீற்றுகள் தெரிய வேண்டும். கும்மிருட்டாக இருந்தால் அடைப்பு இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளலாம்.

வெளியிலிருந்து புளோயர் அடித்தால் பலன் ஏன் நிலைப்பதில்லை என்பதும் இதிலேயே புரிந்துவிடும். ஜன்னல் வழியாக ஊதினால் அந்தப் படலம் தகட்டை விட்டுப் பிரிந்து, ஃபேன் அறைக்குள்ளேயே விழுகிறது. அறையின் வாயைவிட அது பெரிது, வெளியே வர வழியில்லை. ஃபேன் மறுபடி சுற்றும்போது தள்ளிக்கொண்டுபோய் அதே இடத்தில் ஒட்டிவைக்கும். "ஊதினேன், ரெண்டு நாள் நல்லா இருந்துச்சு, திரும்பவும் பழைய கதை" என்று சொல்வது இதனால்தான். வேக்குவம் க்ளீனரை ஜன்னலில் வைத்து இழுத்தாலோ படலம் தகட்டோடு இன்னும் இறுகும். ஊதியே தீருவேன் என்பவர்கள் ஒரு பல்குத்தும் குச்சியைத் துளை வழியே நுழைத்து ஃபேன் சுற்றாமல் தடுத்துக்கொண்டாவது ஊதுங்கள். புளோயர் காற்றில் ஃபேன் அதன் கணக்குக்கு மீறிய வேகத்தில் சுற்றினால் பேரிங் கெடும்.

சரியான வழி, ஃபேனைத் தகட்டிலிருந்து பிரிப்பது. ஃபேனின் மேல்மூடியில் மூன்று நாலு பொடி ஸ்க்ரூ இருக்கும். ஃபேனும் தகடும் சேரும் இடத்தில் ஒரு கறுப்பு டேப்போ, வெள்ளி நிற ஃபாயிலோ ஒட்டியிருக்கும். அதை ஒரு ஓரத்திலிருந்து மெதுவாக உரியுங்கள், குப்பையில் போட்டுவிடாதீர்கள். காற்று இடையில் கசியாமல் தகட்டுக்குள் மட்டும் போகச் செய்வது அந்த டேப்தான். அது இல்லாமல் பூட்டினால் சூடான காற்றில் ஒரு பங்கு லேப்டாப்புக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். கிழிந்துவிட்டால் சூடு தாங்கும் கேப்டான் (Kapton) டேப் ஒட்டலாம், அலுமினிய ஃபாயில் டேப்பும் ஆகும். சாதாரண செல்லோடேப் வேண்டாம், அதன் பசை சூட்டில் இளகி வழியும்.

மூடி திறந்ததும் அந்தப் படலம் கண்ணுக்குத் தெரியும். ட்வீசரால் ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கினால் பெரும்பாலும் ஒரே துண்டாக உரிந்து வரும், தகடுகளின் கோடுகூட அதில் அச்சாகப் பதிந்திருக்கும். மிச்சத்தைப் பழைய மென்மையான பல் பிரஷால் தகடுகளின் நீளவாக்கிலேயே தள்ளுங்கள். குறுக்கே தேய்த்தால் அலுமினியத் தகடு வளைந்து சந்து மூடிக்கொள்ளும். ஃபேன் இறகு ஒவ்வொன்றையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த இயர்பட் கொண்டு துடையுங்கள். சமையலறை ஓரத்தில் ஓடிய மெஷின் என்றால் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், இரண்டு மூன்று முறை துடைக்க வேண்டும். ஃபேன் தனி, ஹீட்சிங்க் தனி என்று அமைந்த மாடலாக இருந்தால் பேஸ்டைத் தொடாமல் இந்த அளவோடு பூட்டி, அதே அறையில் அதே 7-ஜிப் சோதனையை ஓட்டிப் பாருங்கள். பல மெஷின்கள் இந்த இடத்திலேயே குணமாகிவிடும்.

கழற்றும் சங்கதி

மாடலுக்கு மாடல் வழி வேறு. லாட்டிட்யூட் ஈ6430 மாதிரி மெஷின்களில் அடித்தட்டைக் கழற்றினாலே ஹீட்சிங்க் கைக்கு வந்துவிடும். அதே காலத்துத் திங்க்பேட் டி வரிசையில் மேலிருந்து கீபோர்டைத் தூக்கித்தான் உள்ளே போக முடியும். சில மலிவு மாடல்களில் மதர்போர்டையே வெளியே எடுத்துத் திருப்ப வேண்டும், முதல் முறை செய்கிறவர்கள் அதில் கைவைக்க வேண்டாம். டெல், லெனோவோ, ஹெச்பி மூவருமே சர்வீஸ் மேனுவலைத் தங்கள் இணையதளத்தில் இலவசமாகத் தருகிறார்கள். எந்த ஸ்க்ரூ எத்தனை மில்லிமீட்டர் என்பதுவரை அதில் இருக்கும், வீடியோவைவிட அதை நம்பலாம்.

முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். உள்ளே பொருத்திய பேட்டரி என்றால் தட்டைத் திறந்ததும் முதல் வேலையாக அதன் கனெக்டரைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைப் பதினைந்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் அன்றைக்கு மற்ற வேலையை நிறுத்திவிட்டுப் பேட்டரியை மாற்றுகிற வழியைப் பாருங்கள், குத்தவோ அழுத்தவோ கூடாது. ஒரு தாளில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, எடுத்த ஸ்க்ரூவை அதே இடத்தில் டேப் போட்டு ஒட்டிவையுங்கள். நீள ஸ்க்ரூவைக் குட்டை ஸ்க்ரூவின் துளையில் முறுக்கினால் மேல்பக்கத்தில் கொப்புளம் மாதிரி புடைக்கும், அல்லது போர்டைக் குத்தும். பிஹெச்0, பிஹெச்1 என்ற இரண்டு அளவு ஸ்க்ரூடிரைவரும் காலாவதியான ஒரு ஏடிஎம் கார்டும் போதும். ஃபேன் ஒயரைப் பிடித்து இழுக்காமல், கனெக்டரின் இரு காதுகளையும் நகத்தால் நெம்பி எடுங்கள்.

பேஸ்ட், தேவைப்பட்டால்

விநாடிக் கணக்கில் சூடு தாவுகிற மெஷினுக்கும், ஹீட்சிங்கைக் கழற்றாமல் ஃபேனைப் பிரிக்க முடியாத மெஷினுக்கும் பேஸ்ட் மாற்றித்தான் ஆகவேண்டும். ஒருமுறை பிரித்த பேஸ்டை அப்படியே திரும்ப ஒட்டக் கூடாது. கழற்றும் முன் லேப்டாப்பை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, ஆஃப் செய்துவிட்டுத் திறந்தால் பழைய பேஸ்ட் இளகியிருக்கும். ஹீட்சிங்கின் கால்களில் 1, 2, 3, 4 என்று எண் போட்டிருப்பார்கள். அவிழ்க்கும்போது 4-இலிருந்து 1, பூட்டும்போது 1-இலிருந்து 4. ஒரு ஸ்க்ரூவை முழுதாக முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், ஒவ்வொன்றிலும் பாதிச் சுற்றாகப் போங்கள். லேப்டாப் பிராசஸருக்கு மேலே உலோக மூடி கிடையாது, வெறும் சிலிக்கான். ஒரு ஓரம் மட்டும் அழுந்தினால் முனை உடையும். ஒட்டிக்கொண்டு வராவிட்டால் மேலே இழுக்காமல் இடவலமாக லேசாகத் திருகுங்கள்.

துடைக்க 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். சானிடைசரில் கிளிசரின் இருக்கும், படலமாகத் தங்கிவிடும். நெயில் பாலிஷ் ரிமூவர் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். பேஸ்டின் வேலையே இரண்டு பரப்புக்கும் நடுவில் இருக்கும் காற்றைத் துரத்துவதுதான். செம்பு சூடு கடத்தும் திறன் சுமார் 400 என்றால் காற்றுடையது 0.03-க்கும் கீழே. ஆர்க்டிக் எம்எக்ஸ்-4 பேஸ்டுக்குச் சொல்லப்படும் அளவு 8.5. செம்போடு பார்த்தால் பேஸ்டும் மட்டம்தான் என்பதால் மெல்லிய படலமாக இருக்க வேண்டும், ஆனால் சிலிக்கானின் ஒரு மூலையையும் விடக் கூடாது. அரிசி அளவு வைத்து, ஏடிஎம் கார்டின் ஓரத்தால் முழுக்கப் பரப்பிவிடுங்கள். ஹீட்சிங்கை ஒருமுறை வைத்து அழுத்தி எடுத்து, இரண்டு பக்கமும் சீராக அச்சு விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, துடைத்து மறுபடி தடவிப் பூட்டுவது நல்லது. பேஸ்டுக்குப் பஞ்சமில்லை, 4 கிராம் டியூப் ஒன்று பத்து லேப்டாப்புக்கு மேல் வரும்.

டப்பாவில் வரும் மலிவான வெள்ளைப் பசையைத் தவிர்த்துவிடுங்கள். பூசிய அன்று நன்றாகவே வேலை செய்யும். பிராசஸர் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, ஒவ்வொரு முறையும் விரிந்து சுருங்குவதில் அது கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்குப் பிதுங்கிவிடும், நடுவில் ஒன்றும் இருக்காது. நல்ல பேஸ்டுக்கும் இந்தப் பிதுங்கல் உண்டு, மெதுவாக நடக்கும். அதற்கு மாற்றாக ஹனிவெல் பிடிஎம்7950 என்ற ஷீட் பேர் வாங்கியிருக்கிறது. அறை வெப்பத்தில் திடமாக இருந்து சுமார் 45 டிகிரியில் இளகி இடுக்குகளை நிரப்பும், பிதுங்கி ஓடாது. வெட்டும் முன் பத்து நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்தால் மேல்தாள் சுலபமாக உரியும். போலி நிறைய வருகிறது என்பதுதான் தலைவலி. லிக்விட் மெட்டலை மட்டும் பழைய லேப்டாப்பில் நினைத்துப் பார்க்காதீர்கள், அதிலிருக்கும் கேலியம் அலுமினியத்தை அரித்துவிடும், சிந்தினால் போர்டு ஷார்ட்.

கிராபிக்ஸ் மெமரி, பவர் சிப்களின் மேல் ரப்பர் மாதிரி தெர்மல் பேட் இருந்தால் அது வேறு கதை. அந்த இடைவெளியைப் பேஸ்டால் நிரப்ப முடியாது. கிழிந்த பேடின் கனத்தை அளந்து, 0.5, 1, 1.5 மில்லிமீட்டரில் எதுவோ அதையே போட வேண்டும். அரை மில்லிமீட்டர் கனம் கூடினாலும் ஹீட்சிங்க் பிராசஸரை விட்டுத் தூக்கிக்கொள்ளும்.

ஃபேன் முனகினால்

காலையில் ஆன் செய்ததும் கரகரவென்று சத்தம் வந்து, கொஞ்ச நேரத்தில் அடங்கினால் பேரிங்கில் எண்ணெய் வற்றியிருக்கிறது. விரலால் சுண்டிவிட்டால் ஃபேன் சில சுற்று தானாக ஓட வேண்டும், சட்டென்று நிற்கக் கூடாது. பல ஃபேன்களில் இறகுச் சக்கரத்தை நேராக மேலே இழுத்தால் கையோடு வரும், காந்தம்தான் பிடித்துவைத்திருக்கும். முரண்டு பிடித்தால் விட்டுவிடுங்கள். பழைய அழுக்கைத் துடைத்துவிட்டுத் தையல் மிஷின் ஆயில் ஒரே ஒரு சொட்டு. டபிள்யூடி-40 இருக்கிற எண்ணெயையும் கழுவிவிடும். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் விடுகிறவர்கள் உண்டு. 24, 25 டிகிரிக்குக் கீழே அது உறைய ஆரம்பிக்கும் என்பதை மார்கழி மாதம் பாட்டிலைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எண்ணெயும் உதவாமல் போனாலோ, ஹெச்பியில் 90பி எர்ரர், திங்க்பேடில் ஃபேன் எர்ரர் என்று திரையில் வந்து நின்றாலோ ஃபேனை மாற்றிவிடலாம். மாடல் பெயரைச் சொல்லி வாங்காமல், ஃபேனில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரின் பார்ட் நம்பரைச் சொல்லி வாங்குங்கள். ஒரே மாடலில் தனி கிராபிக்ஸ் கார்டு உள்ளதற்கும் இல்லாததற்கும் ஃபேனும் ஹீட்சிங்கும் மாறும், கனெக்டரில் மூன்று பின்னா நான்கு பின்னா என்பதும் மாறும்.

சூட்டைப் பிறப்பிலேயே குறைக்க

விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸின் அட்வான்ஸ்டு பகுதியில், பிராசஸர் பவர் மேனேஜ்மென்ட்டின் கீழே மேக்ஸிமம் பிராசஸர் ஸ்டேட் என்று ஒன்று இருக்கும். 100 என்றிருப்பதை 99 ஆக்கினால் டர்போ நின்றுவிடும். 3320எம் 3.3 கிகாஹெர்ட்ஸ் வரை போகாமல் 2.6-இலேயே நிற்கும். டைப் அடிக்க, யூடியூப் பார்க்க, எக்செல் போட இந்த வேகம் தாராளம், சூடு நன்றாக இறங்கும். 8250யூவில் இதே வேலையைச் செய்தால் 3.4-இலிருந்து 1.6 அருகே விழுந்துவிடும், அது உறைக்கும். அந்தத் தலைமுறைக்கு த்ராட்டில்ஸ்டாப் என்ற மென்பொருளில் வோல்டேஜைக் குறைப்பது மேல். ஆனால் 2019 டிசம்பரில் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியான பிறகு வந்த பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட்டுகள் பல அந்த வசதியைப் பூட்டிவிட்டன. 3320எம் போன்ற மூன்றாம் தலைமுறைப் பிராசஸர்களில் த்ராட்டில்ஸ்டாப் வோல்டேஜைக் குறைக்காது, அந்த வசதி நான்காம் தலைமுறையில்தான் தொடங்குகிறது. கூலிங் பேட் வாங்கும் காசுக்குப் பின்பக்கம் இரண்டு சென்டிமீட்டர் உயர்த்த ஒரு ரப்பர் கட்டை வைத்தாலே அடியில் காற்று புக வழி கிடைக்கும். மெத்தை மேல் வைத்து ஓட்டினால் எதுவுமே எடுபடாது.

இத்தனையும் செய்தும் சுமை கொடுத்தவுடன் 95 தாவுகிறது, பேஸ்ட் அச்சும் சீராக இருக்கிறது, ஃபேனும் ஓடுகிறது என்றால் ஹீட்பைப்பைச் சந்தேகியுங்கள். அந்தச் செம்புக் குழாய்க்குள் குறைந்த அழுத்தத்தில் துளி நீர் இருக்கிறது. பிராசஸர் பக்கம் ஆவியாகி, தகடு பக்கம் குளிர்ந்து திரும்பி வரும். எங்கேயாவது வளைந்து மயிரிழை விரிசல் விழுந்தால் அது வெறும் குழாய்தான். ஹீட்சிங்கைக் கழற்றி, பிராசஸர் பக்கத்து முனையை மட்டும் சுடுதண்ணீர் டம்ளரில் முக்கிப் பிடித்தால், சில விநாடியில் தகடு முனை கையைச் சுட வேண்டும். சுடாவிட்டால் ஹீட்சிங்க் முழுவதையும் மாற்ற வேண்டும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடங்களில் கழித்த மெஷினிலிருந்து எடுத்தது கிடைக்கும். வாங்கும்போது குழாய் எங்கும் நசுங்காமல் இருக்கிறதா, கால்களின் ஸ்பிரிங் ஸ்க்ரூ நான்கும் கூடவே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, முடிந்தால் கடையிலேயே ஒரு டம்ளர் சுடுதண்ணீர் கேளுங்கள்.